கடை வேலையும் மெயில் பெட்டியும்: அன்றாட அலுவல் கைமீறாமல் இருக்க ஒரு பாடம்



நாங்கள் மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். குண்டூர் வற்றல், ஊஞ்சா சீரகம், லாத்தூர் துவரம் பருப்பு, ஈரோடு மஞ்சள் ஆகியவை எங்கள் சரக்குகள். பள்ளிப் படிப்புடன் கடைக்கு வந்தவர்கள் நாங்கள். கம்ப்யூட்டரைப் பற்றிப் பாடம் நடத்தும் தகுதி எங்களுக்கு உண்டா என்று சிலர் கேட்கலாம். பணம் கட்டிப் படித்த பாடம் என்பதால் எழுதத் துணிந்தோம். எவ்வளவு பணம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஒன்றரை லட்சம் ரூபாய்ப் பாடம்

2024 மே மாதம் ஒரு நாள் காலை, சரக்குப் பணம் அனுப்ப எங்கள் பையன் வங்கிக் கணக்கைத் திறந்தபோது பணம் போகவில்லை. மேனேஜரிடம் கேட்டால், "அண்ணாச்சி, ஜி.எஸ்.டி.யில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. பாக்கி கட்டும் வரை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மாதாமாதம் ரிட்டர்ன் தவறியதில்லை. பிறகு போர்ட்டலைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

2017-18ஆம் ஆண்டில் சீரகம் கொள்முதல் செய்த வகையில் நாங்கள் எடுத்த உள்ளீட்டு வரி ரூ.62,000, சரக்கு அனுப்பியவரின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. அவர் தமது ரிட்டர்னில் எங்கள் ஜி.எஸ்.டி. எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார். இதற்கு விளக்கம் கேட்டு 2023 செப்டம்பரில் நோட்டீஸ் வந்திருக்கிறது. பதில் இல்லாததால் டிசம்பரில் உத்தரவு போட்டுவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு 3 மாதம் அவகாசம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 1 மாதம். அதுவும் ஏப்ரலோடு முடிந்துவிட்டது. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை லட்சம். நீதிமன்றம் போகலாம் என்று சொன்னவர்களும் உண்டு. கணக்கு முடங்கிக் கிடக்கையில் வழக்கு நடத்த எங்களால் முடியவில்லை. கட்டினோம்.

வருத்தம் தொகையைப் பற்றியது மட்டுமன்று. 2017-18, 2018-19 ஆண்டுகளில் ஏற்பட்ட இத்தகைய தவறுகளுக்கு 2022 டிசம்பர் மாதத்திலேயே மத்திய அரசு சுற்றறிக்கை வெளியிட்டிருந்தது. ஒரு சப்ளையர் வகையில் ஓர் ஆண்டில் வித்தியாசம் 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், அந்தச் சப்ளையரே ஒரு சான்றுக் கடிதம் கொடுத்தால் போதும். அந்த ஊஞ்சா வியாபாரி இன்றும் எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறார். ஒரு போன் செய்திருந்தால் மறுநாளே கடிதம் வந்திருக்கும். ஒரு தாளில் முடிய வேண்டிய காரியம் ஒன்றரை லட்சத்தில் முடிந்தது.

நோட்டீஸ் எங்கே போயிற்று? 2017இல் ஜி.எஸ்.டி. புதிதாக வந்த அவசரத்தில், பதிவு செய்யும்போது ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் ஒருவரின் மெயில் முகவரியையும் அவருடைய செல்போன் எண்ணையுமே கொடுத்திருந்தோம். அவர் வேலையை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. மெயில் போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. அங்கே பார்க்க ஆள் இல்லை. பிறர் மேல் குறை சொல்வதற்கில்லை. கடைச் சாவியை நாமே பிறர் கையில் கொடுத்துவிட்டு, ஏழு ஆண்டுகள் கேட்காமலே இருந்தோம்.

தந்தியும் தபாலும் ஒரே மணியில்

எங்கள் தகப்பனார் காலத்தில் கடைக்கு வரும் செய்தி, வரும்போதே தன் அவசரத்தைச் சொல்லிக்கொண்டு வரும். குண்டூரில் இருந்து தந்தி வந்தால் விலை மாறிவிட்டது என்று பொருள். கையில் இருக்கும் தராசைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பார். தபால் கார்டு வந்தால் மாலையில் பதில் எழுதுவார். விலைப் பட்டியலும் விளம்பரமும் கல்லாவுக்குப் பின்னால் உள்ள கொக்கிக் கம்பியில் குத்தப்பட்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கும். சர்க்கார் கடிதம் பதிவுத் தபாலில் வரும். தபால்காரர் கையெழுத்து வாங்காமல் நகரமாட்டார். ஆகவே எதை முதலில் பார்ப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வழங்கத் தொடங்கியது. 2013 ஜூலையில் தந்தி சேவையே நிறுத்தப்பட்டது. இன்று விலை, பில், வரி நோட்டீஸ், வங்கிச் செய்தி, செருப்புக் கடை விளம்பரம் எல்லாமே ஒரே பெட்டியில், ஒரே மணிச் சத்தத்தோடு வந்து விழுகின்றன. எது தந்தி, எது தபால் என்று பிரிக்கும் வேலை முன்பு தபால் இலாகாவுடையது. இப்போது அந்த வேலை நம் தலையில் ஏறியிருக்கிறது. இதை உணராமல் இருப்பதுதான் நம்முடைய குழப்பத்துக்கெல்லாம் மூலகாரணம்.

பதிவுத் தபாலுக்கு இருந்த பாதுகாப்பும் இன்று இல்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169ஆம் பிரிவின்படி, பதிவில் கொடுத்த மெயில் முகவரிக்கு அனுப்புவதும், போர்ட்டலில் ஏற்றி வைப்பதும் நோட்டீஸ் சேர்ப்பிக்கும் வழிகளில் அடங்கும். "நான் பார்க்கவில்லை" என்பது பதில் ஆகாது. ஆகவே மெயில் பார்ப்பது படித்த பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நினைக்கும் அன்பர்கள், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடவேண்டும்.

இனி நாங்கள் கடைப்பிடித்துவரும் முறைகளை வரிசையாகச் சொல்கிறோம்.

1. கடைக்கு என்று ஒரே ஒரு முகவரி

கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்றுதான். மெயில் முகவரியும் ஒன்றாகவே இருக்கட்டும். பையன் பெயரிலோ, கணக்கப்பிள்ளை பெயரிலோ, ஆடிட்டர் அலுவலகத்தின் பெயரிலோ வேண்டாம். கடையின் பெயரில் புதிதாக ஒன்று தொடங்குங்கள். ஜி.எஸ்.டி., வருமான வரி, வங்கி, உணவுப் பாதுகாப்பு உரிமம், மின்வாரியம், மாநகராட்சி ஆகிய எல்லா இடங்களிலும் இந்த ஒரே முகவரியையும், உரிமையாளரின் செல்போன் எண்ணையும் கொடுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவில் இதை மாற்றுவது கடினம் அன்று. போர்ட்டலில் பதிவுத் திருத்தம் என்ற பகுதியில் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவரின் விவரத்தைத் திறந்து, புதிய மெயிலையும் எண்ணையும் போட்டு, வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்துச் சமர்ப்பிக்க வேண்டும். இதற்கு அதிகாரியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இதழைக் கீழே வைத்தவுடன், உங்கள் பதிவில் யாருடைய முகவரி இருக்கிறது என்று ஆடிட்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் இதை மட்டும் மறக்கவேண்டாம்.

கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். மெயில் பார்க்கும் ஊழியர் வேலையை விட்டுப் போகும் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடைச்சாவியை வாங்கிக்கொள்ளாமல் யாரையும் அனுப்புவோமா?

2. நாளுக்கு இரண்டே வேளை

மெயில் மணி அடிக்கும்போதெல்லாம் பார்ப்பவன் வியாபாரம் செய்யமுடியாது. எங்கள் கடையில் ஒரு முறை பில் போட்டுக்கொண்டிருந்த பையன், போனில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் 25 மூட்டை என்பதை 20 என்று எழுதிவிட்டான். வாங்கியவர் நேர்மையானவர் என்பதால் மறுநாள் தாமே சொல்லிப் பணம் கொடுத்தார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அதன்பின் ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். காலை 9.30 மணிக்கு, வாடிக்கையாளர் வரத்துக்கு முன்னால், 15 நிமிடம். மாலை 4 மணிக்கு, லாரி புக்கிங்குக்கு முன்னால், 15 நிமிடம். நடுவில் மெயில் மணிச் சத்தம் அணைக்கப்பட்டிருக்கும். உண்மையிலேயே அவசரம் உள்ளவர் போன் செய்வார். விலை பேசுகிறவர் யாரும் மெயில் அனுப்பிவிட்டு மாலை வரை காத்திருப்பதில்லை. ஆரம்பத்தில் பையனுக்கு இது பிடிக்கவில்லை. "அப்பா, உடனே பதில் போடாவிட்டால் ஆர்டர் போய்விடும்" என்றான். ஒரு மாதம் கழித்து நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மெயிலுக்குத் தாமதமாகப் பதில் போட்டதால் போன ஆர்டர் ஒன்றுகூட இல்லை.

வாட்ஸ்அப் வேறு விஷயம். நம் சில்லறைக் கடைக்காரர்கள் ஆர்டர் போடுவதே அதில்தான். அதற்கு ஒரு தனிப் போனும், பார்க்க ஓர் ஆளும் ஒதுக்கியிருக்கிறோம். வந்த ஆர்டரை அவர் உடனே சிட்டையில் எழுதி, எழுதியதைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். "நான் கேட்டது 5 கிலோ, வந்தது 15 கிலோ" என்ற வழக்கு அதோடு நின்றது.

3. நான்கு அறைப் பெட்டி

பழைய மண்டிகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் சிறு சிறு அறைகளாகத் தடுத்த மரப்பெட்டி இருக்கும். எல்.ஆர். ஓர் அறையில், பில் ஓர் அறையில், பதில் எழுதவேண்டிய கடிதம் ஓர் அறையில் இருக்கும். மெயில் பெட்டியிலும் அதே போல் அறைகள் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் நான்கு மட்டும் வைத்திருக்கிறோம்: அரசு, பணம், சரக்கு, மற்றவை. இருபது அறை போட்டால் எதில் வைத்தோம் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

திறக்கும் வரிசையும் இதுவே. முதலில் அரசு, அதில் தவறினால் மீட்க முடியாது. அடுத்து பணம். பிறகு சரக்கு. மற்றவை நேரம் இருந்தால்.

ஒரு மெயிலைத் திறந்தால் நான்கில் ஒன்றைச் செய்யாமல் மூடக்கூடாது. இரண்டு நிமிடத்தில் முடிவதாயின் அப்போதே முடித்துவிடுங்கள். அதற்கு மேல் ஆகுமானால் நாள்குறிப்பில் எழுதுங்கள். பிறர் செய்யவேண்டியது என்றால் அவருக்கு அனுப்பி, யாரிடம் கொடுத்தோம் என்பதையும் எழுதுங்கள். எதற்கும் ஆகாதது என்றால் அழித்துவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று திறந்து மூடிய மெயில், கடன் சொல்லிப் போன புது ஆள் மாதிரி. திரும்பி வருவது நிச்சயமில்லை.

4. நாள்குறிப்பும் கொண்டுவந்த பாக்கியும்

மெயில் பெட்டி என்பது செய்திகள் வந்து விழும் இடம். செய்யவேண்டிய வேலைகளின் கணக்கு அங்கே இருக்கமுடியாது. சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றாமல் யாருடைய பாக்கி எவ்வளவு என்று சொல்லமுடியுமா? அது போலத்தான் இதுவும்.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம் உள்ள சாதாரண டைரி போதும். இரவு கடை அடைப்பதற்கு முன், கல்லா எண்ணி முடித்ததும், மறுநாள் பக்கத்தில் ஐந்து வேலைகளை மட்டும் எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். கடையில் எதிர்பாராமல் வருகிற வேலையே பாதி நாளைத் தின்றுவிடும். எழுதும்போது செயலாக எழுதவேண்டும். "லாத்தூர் பார்ட்டி" என்று எழுதினால் காலையில் நமக்கே புரியாது. "லாத்தூர் பார்ட்டிக்குப் போன் செய்து 3 மூட்டை ஈரச் சரக்குக்குக் கழிவு கேட்க" என்று எழுதினால், போனை எடுத்தால் போதும்.

முடிந்ததை அடித்துவிடுங்கள். முடியாததை, பேரேட்டில் செய்வதுபோல, 'கொண்டுவந்த பாக்கி' என்று மறுநாள் பக்கத்தின் தலையில் ஏற்றுங்கள். ஒரே வேலை மூன்று நாள் பாக்கியாக வந்தால் அதன் மேல் வட்டமிடுங்கள். பிறகு மூன்று வழிதான்: அன்று காலை முதல் வேலையாக அதைச் செய்வது, வேறொருவரிடம் ஒப்படைப்பது, அல்லது வேண்டாம் என்று தீர்மானித்து அடித்துவிடுவது. எங்கள் அனுபவத்தில் இப்படி வட்டமிட்டவற்றில் பெரும்பாலானவை பத்து நிமிட வேலைகள். பேசத் தயங்கிய ஒரு போன், கேட்கக் கூச்சப்பட்ட ஒரு பழைய பாக்கி, இவ்வளவுதான். சிரமம் வேலையில் இல்லை, மனத்தில் இருந்தது.

5. தேதி அட்டை

மாதம் தவறாமல் வரும் தேதிகளை மனத்தில் வைத்துக்கொள்ள முயலக்கூடாது. ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டுங்கள்.

மாதாந்திர ரிட்டர்ன் போடுபவர்களுக்கு: 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் விரும்பினால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் முறையில் இருக்கலாம். அவர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, நம் மாநிலத்தில் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்குரிய வரியை அடுத்தடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் செலுத்தவேண்டும்.

அட்டையின் பின்பக்கத்தில் ஆண்டுத் தேதிகள்: உணவுப் பாதுகாப்பு உரிமம் முடியும் நாள், தராசு முத்திரை மறுபரிசோதனை நாள், தொழில் வரி அரையாண்டுத் தேதிகள், கடை இன்சூரன்ஸ் முடியும் நாள்.

கடைசித் தேதியை எழுதினால் கடைசித் தேதியன்றுதான் வேலை நடக்கும். அன்று போர்ட்டல் மெதுவாக இருக்கும், அல்லது கரண்ட் இருக்காது. ஆகவே நாங்கள் ஒவ்வொன்றுக்கும் 5 நாள் முன்னதாக உள்ள தேதியைச் சிவப்பு மையில் எழுதி, அதையே கடைசித் தேதியாகக் கருதுகிறோம். ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம் (வரியே இல்லாத ரிட்டர்னுக்கு ரூ.20), வரிப் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. கிலோவுக்கு 50 காசு லாபத்துக்குப் பேரம் பேசும் நாம், இதை வீணாகக் கொடுக்கலாமா?

6. சனிக்கிழமைச் சோதனை

மெயில் வராமலும் போர்ட்டலில் நோட்டீஸ் ஏறியிருக்கலாம். ஆகவே வாரம் ஒரு முறை போர்ட்டலைத் திறந்து நோட்டீஸ் பகுதியைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். ஐந்து நிமிட வேலை. நாங்கள் சனிக்கிழமை மாலை பார்த்து, "பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்று டைரியில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இருக்கும்.

நோட்டீஸ் இருந்தால் மூன்றை உடனே எழுதுங்கள்: வந்த தேதி, எதைப் பற்றியது, பதில் கொடுக்கக் கடைசி நாள். அவகாசம் ஒன்றுக்கொன்று வேறுபடும். ரிட்டர்ன் பரிசீலனையில் விளக்கம் கேட்கும் நோட்டீசுக்கு 30 நாள் வரை கொடுப்பார்கள். பதிவை ரத்து செய்வது பற்றிய நோட்டீசுக்கு 7 வேலை நாள்தான். "ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டேன்" என்பதோடு நம் பொறுப்பு முடியவில்லை. அவர் பதில் போட்டதற்கான ஒப்புகையை வாங்கிக் கோப்பில் வைத்த பிறகே அந்த வரியை அடிக்கவேண்டும்.

7. மெயில் எழுதும் முறை

நாம் சுருக்கமாகத் தந்தி எழுதிப் பழகியவர்கள். வார்த்தைக்குக் காசு என்பதால் தேவையற்றதை எழுதமாட்டோம், தேவையானதை விடவும் மாட்டோம். மெயிலுக்கும் அதே விதி. போனில் பேசி முடித்த வியாபாரத்தை அன்று மாலையே எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது. மாதிரிக்கு ஒன்று:

"தலைப்பு: குண்டூர் வற்றல் 40 மூட்டை, இன்றைய ஆர்டர் உறுதி.

ஐயா, இன்று காலை போனில் பேசியபடி: வற்றல், நீங்கள் அனுப்பிய சாம்பிள் தரம், 40 மூட்டை. விலை பேசியபடி; ஜி.எஸ்.டி. தனி. லாரி வாடகை எங்களுடையது. வெள்ளிக்கிழமைக்குள் லோடு ஏற்றவேண்டும். சரக்கு இறங்கி 10 நாளில் பணம். பில்லில் எங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைச் சரிபார்த்துப் போடவும். மாற்றம் இருந்தால் இன்றே தெரிவிக்கவும்."

இவ்வளவு போதும். ஒரு மெயிலில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். சரக்கு ஆர்டரையும் பழைய கழிவு பாக்கியையும் ஒன்றாக எழுதினால், எதிர்த்தரப்பார் தமக்கு வசதியானதற்கு மட்டும் பதில் போடுவார். தலைப்பில் சரக்கின் பெயர் இருந்தால் ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம். ஜி.எஸ்.டி. எண் பற்றிய அந்தக் கடைசி வரிக்கு முந்திய வரியை எங்கள் மெயில்களில் இப்போது எப்போதும் சேர்க்கிறோம். காரணம் மேலே சொல்லியாயிற்று.

8. திருடனும் மெயிலில்தான் வருகிறான்

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தப் புதிய கணக்கில் பணம் போடவும்" என்று பழகிய பார்ட்டியின் பெயரில் மெயில் வரும். முகவரியை உற்றுப் பார்த்தால் ஓர் எழுத்து மாறியிருக்கும். சில சமயம் பார்ட்டியின் சொந்த மெயிலிலேயே யாராவது புகுந்து அனுப்பியிருக்கலாம். அப்போது எழுத்துகூட மாறியிருக்காது. ஆகவே எங்கள் கடையில் ஒரு சட்டம்: வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்த வழியில் செய்தி வந்தாலும், நம்மிடம் ஏற்கெனவே உள்ள பழைய எண்ணில் கூப்பிட்டு, முதலாளியின் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்புவதில்லை. மெயிலில் கொடுத்துள்ள எண்ணுக்குப் பேசக்கூடாது. அது திருடனின் எண்ணாகவே இருக்கலாம்.

அதே போல வரி நோட்டீஸ் என்று வரும் மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தவேண்டாம். நாமே போர்ட்டலைத் திறந்து உள்ளே பாருங்கள். அங்கே இருந்தால் பதில் கொடுங்கள். அங்கே இல்லாவிட்டால் ஆடிட்டரைக் கேட்காமல் எதுவும் செய்யவேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கவேண்டும். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

9. பெட்டி நிறைந்துவிட்டால்

ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 15 ஜி.பி. இதில் மெயில் மட்டுமின்றி, போனில் இருந்து ஏறும் போட்டோக்களும், ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்ந்தே கணக்காகின்றன. இடம் தீர்ந்துவிட்டால் புது மெயில் உள்ளே வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். கடை மெயிலை வீட்டுப் போனில் போட்டு, பேத்தியின் பிறந்தநாள் வீடியோக்கள் எல்லாம் அதில் ஏறினால், ஒரு நாள் கடைக்கு வரவேண்டிய பில் வாசலோடு திரும்பும். ஆகவே கடைக் கணக்கில் போட்டோ பேக்கப்பை நிறுத்திவையுங்கள். மாதம் ஒரு முறை எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள்.

சிறு கடைக்காரர்களுக்கு

"அண்ணாச்சி, இதெல்லாம் நாலு ஆள் இருக்கிற மொத்தக் கடைக்கு. நான் ஒருத்தன்தான். தராசும் நானே, கல்லாவும் நானே" என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சு. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கவேண்டாம். மூன்று மட்டும் போதும். கடைப் பெயரில் ஒரு மெயில் முகவரி. மதியம் வாடிக்கையாளர் வரத்துக் குறைந்த நேரத்தில் பத்து நிமிடம் அதைத் திறந்து பார்ப்பது. இரவில் டைரியில் மறுநாளுக்கு மூன்று வரி எழுதுவது. பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் பேத்தியிடம்தான் கற்றோம். ஆனால் கற்றபின் நாமே திறக்கவேண்டும்.

அவர் மூன்று மாதம் கழித்து வந்து, பழைய பாக்கி 11 பேரிடம் கேட்டு 7 பேரிடம் வசூலாகிவிட்டது என்றார். மெயிலில் பெரிதாக ஒன்றும் வரவில்லையாம். இரவில் எழுதிய மூன்று வரிதான் வேலை செய்திருக்கிறது.

முடிவாக

வேலை அதிகம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எங்கள் தகப்பனாருக்கும் வேலை அதிகம்தான். அவர் இரவு கணக்கு முடிக்காமல் கடையை அடைத்ததில்லை. எட்டணா உதைத்தாலும் உட்கார்ந்து தேடுவார். பணத்தில் அந்தக் கண்டிப்பு நமக்கு இன்றும் இருக்கிறது. வந்த செய்தியிலும் ஒப்புக்கொண்ட வேலையிலும் அதே கண்டிப்பு வேண்டும். வந்தது எவ்வளவு, முடித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று இரவில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினால், மறுநாள் காலையில் எதிர்பாராத கடிதம் நம் வங்கிக் கணக்கைப் பூட்டாது.

எங்கள் கடையில் 2024 ஜூன் மாதத்தில் வாங்கிய அந்தச் செலுத்துச் சீட்டை லேமினேஷன் செய்து, தேதி அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். மெயில் பார்க்கச் சோம்பல் வரும் நாட்களில் அது கண்ணில் படும். உங்கள் கடையில் அப்படி ஒரு சீட்டு ஒட்டவேண்டிய நிலை வராமல் இருக்கட்டும்.